வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி: லூச்சா லிப்ரே பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

லூச்சா லிப்ரே என்றால் மெக்சிகோவின் மல்யுத்தம். அது நடக்கும் மெக்சிகோ நகர அரங்கமான அரீனா மெக்சிகோ வாசலில் நான் முதன்முதலாகப் போய் நின்றது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். ஷட்டர் இறக்கியிருந்தது. காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மன்யானா." நாளைக்கு என்று அர்த்தம். எனக்கோ மறுநாள் மதியம் ஹூஸ்டனுக்குத் திரும்ப விமானம். வீட்டில் வியாழன்தோறும் நான் விழுந்து விழுந்து பார்த்துக்கொண்டிருந்தது போன வாரத்து ஒளிப்பதிவு என்பது அந்த ஷட்டருக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

அதன் பிறகு மூன்று முறை போய் வந்துவிட்டேன். இரண்டாவது முறையும் சொதப்பினேன், அதைப் பின்னால் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் முகமூடி மல்யுத்த வீரர் ரே மிஸ்டீரியோ படம் போட்ட டிரம்ப் கார்டை வைத்து விளையாடிவிட்டு, பெரியவனானதும் "இந்த முகமூடியெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று தேட ஆரம்பித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. டிவியில் பார்ப்பதில் தொடங்கி நேரில் போய் உட்காரும் வரைக்கும், எனக்குக் காசும் நேரமும் போன இடங்களை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. எந்த நிறுவனம் என்று முடிவு செய்யுங்கள்

மெக்சிகோவில் லூச்சாவுக்கு இரண்டு பெரிய நிறுவனங்கள். ஒன்று சி.எம்.எல்.எல். 1933இல் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்த அரங்கம், கிழமை மாறாத நிகழ்ச்சி. இன்னொன்று 1992இல் தொடங்கிய த்ரிப்ளே ஆ, அதாவது ஏ.ஏ.ஏ. அது ஊர் ஊராகப் போகும். மேடையும் பளபளப்பும் கதையோட்டமும் அங்கே அதிகம். 2025இல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ அதை வாங்குவதாக அறிவித்தபோது நம்மூர் ரசிகர்கள் பலருக்கும் அந்தப் பெயர் பழக்கமானது.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது சி.எம்.எல்.எல்.தான். காரணம் ரொம்பச் சாதாரணம்: கால அட்டவணை. அரீனா மெக்சிகோவில் செவ்வாய் இரவு 7.30, வெள்ளி இரவு 8.30, ஞாயிறு மாலை 5. சனிக்கிழமை அதே ஊரின் பழைய மையப் பகுதியில் இருக்கும் அரீனா கொலிசேயோ. விடுமுறை நாட்களிலும் சிறப்பு நிகழ்ச்சிகளிலும் நேரம் மாறலாம், மற்றபடி இதை நம்பி விமான டிக்கெட் போடலாம். ஏ.ஏ.ஏ. பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதம் எந்த ஊரில் நடக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அது இரண்டாம் கட்டம்.

2. டிவி நேரத்தைச் சரியாகக் கணக்குப் போடுங்கள்

மெக்சிகோ நகரத்தில் 2022க்குப் பிறகு கோடை நேரமாற்றம் கிடையாது. ஆண்டு முழுக்க இந்தியாவுக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். ஆகவே வெள்ளி இரவு 8.30 என்பது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சனிக்கிழமை காலை 8 மணி. இட்லியோடு உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. சிங்கப்பூரில் காலை 10.30. லண்டன்காரர்கள் பாவம்: குளிர்காலத்தில் விடியற்காலை 2.30, கோடையில் 3.30. டெக்சஸில் குளிர்காலத்தில் மெக்சிகோ நேரமேதான், இரவு 8.30; கோடையில் ஒரு மணி நேரம் தள்ளி, 9.30.

நேரலையை சி.எம்.எல்.எல்.லின் யூடியூப் சேனலில் உறுப்பினர் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உறுப்பினர் நிலைகள் பல உண்டு. கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று கீழ் நிலையை அமுக்கிவிடாமல், எந்த நிலையில் எந்தக் கிழமை நிகழ்ச்சி கிடைக்கும் என்று படித்துவிட்டுக் கட்டுங்கள். நான் படிக்காமல் கட்டியவன்.

வேறு எங்கே பார்த்தாலும் திரையின் மூலையில் "என் பீபோ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நேரலை என்று பொருள். அது இல்லாவிட்டால் ஒளிப்பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். என் வியாழக்கிழமைக் கதை உங்களுக்கு வேண்டாம்.

3. ஊருக்குப் போகும் முன் நாலு வெள்ளிக்கிழமையாவது டிவியில் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். டபிள்யூ.டபிள்யூ.இ பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் லூச்சா குழப்பமாகத்தான் இருக்கும். எனக்கு முதல் மாதம் முழுக்க "யார் உள்ளே, யார் வெளியே, ஏன் மணி அடித்தது" என்றே போனது. நாலு விஷயம் பிடிபட்டால் போதும், மீதி தானாக வரும்.

முதல் விஷயம், பெரும்பாலான ஆட்டங்கள் மூன்று பேருக்கு மூன்று பேர். இதற்கு "ரெலேவோஸ் ஆஸ்திராலியானோஸ்" என்று பெயர். மெக்சிகோ ஆட்டத்துக்கு ஆஸ்திரேலியா பெயர் எதற்கு என்று நான் கேட்ட யாருக்கும் பதில் தெரியவில்லை. மூன்று சுற்றில் இரண்டை வெல்பவர் வெற்றி. ஒவ்வொரு சுற்றும் ஒரு "காயிதா". அறிவிப்பாளர் இழுத்து இழுத்துச் சொல்வாரே, "தோஸ் தெ த்ரெஸ் காயிதாஸ், சின் லீமித்தே தெ தியெம்போ", அதுதான் இது: மூன்றில் இரண்டு, நேர வரம்பில்லை. அணித் தலைவரை வீழ்த்தினால் அந்தச் சுற்று முடிந்தது. தலைவர் அகப்படவில்லை என்றால் மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். இது தெரியாவிட்டால், ஒருவன் மூன்று எண்ணும் வரை மல்லாந்து கிடந்த பிறகும் ஆட்டம் ஏன் தொடர்கிறது என்று தலையைச் சொறிவீர்கள். "ரெலாம்பகோ" என்று போட்டால் மட்டும் ஒருவருக்கு ஒருவர், ஒரே சுற்று, பத்து நிமிடம்.

இரண்டாவது, கை தட்டிவிட்டுத்தான் கூட்டாளி உள்ளே வர வேண்டும் என்பது இங்கே இல்லை. உள்ளே இருப்பவன் வளையத்தை விட்டு வெளியே போய்த் தரையில் கால் வைத்தால், அவன் அணியிலிருந்து இன்னொருவன் உள்ளே வரலாம். லூச்சாவின் வேகம் இதில்தான் இருக்கிறது. ஒருவன் வெளியே உருண்டு விழுவதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், அடுத்தவனுக்குக் கதவு திறந்துவிடுகிறான். இந்த ஒரு விதி புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு நிகழ்ச்சியே புரிந்தது. அதுவரைக்கும் ஆறு பேர் ஒழுங்கில்லாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு பார்த்தால், தொடர் ஓட்டப்பந்தயத்தில் கோலைக் கைமாற்றிக்கொள்வதைப் போல ஒருவன் விழுகிற இடத்தில் அடுத்தவன் முளைக்கிறான்.

மூன்றாவது, கட்சி. "டெக்னிகோ" என்றால் விதிப்படி ஆடுகிறவர், "ருடோ" என்றால் முரடர். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் சொல்லாமலே யார் துரியோதனன் என்று தெரிந்துவிடும் இல்லையா, அது மாதிரி நடையிலேயே தெரியும். ஆனால் ருடோவை வெறுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அரங்கில் பாதிப் பேர் ருடோ ரசிகர்கள். நானும்தான்.

நான்காவது, எதற்கெல்லாம் தகுதி இழப்பு என்பது. எதிராளியின் முகமூடியைக் கழற்றினால் போச்சு. இடுப்புக்குக் கீழே அடித்தால் போச்சு. எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து உச்சந்தலையைத் தரையில் இடிக்கும் "மார்த்தினேத்தே" போட்டாலும் போச்சு. டபிள்யூ.டபிள்யூ.இ.யில் அண்டர்டேக்கர் அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினார், இங்கே அது குற்றம். ஆகவே ருடோக்கள் நடுவர் முதுகைக் காட்டும் நேரம் பார்த்துத்தான் வேலையைக் காட்டுவார்கள். நீங்கள் சண்டையைப் பார்க்காமல் நடுவரின் முதுகைப் பார்த்துப் பழகுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பிடிகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தோன்றினால் உங்கள் கண்ணில் கோளாறில்லை. அமெரிக்காவில் இடது கை, இடது கால் என்று பிடிப்பார்கள், மெக்சிகோவில் வலது பக்கம்.

டிவி வர்ணனை முழுக்க ஸ்பானிஷ்தான். பயப்பட வேண்டாம், பத்து வார்த்தை போதும். "யாவே" என்றால் பிடி. கயிறுகளுக்கு நடுவே அம்பு மாதிரி வெளியே பாய்ந்தால் "தோப்பே", மேல் கயிற்றைத் தாண்டி விழுந்தால் "பிளாஞ்சா". எதிராளியைச் சுழற்றி முழங்காலில் முதுகை வைத்து இறக்கினால் "கெப்ரதோரா". மிஸ்திகோ என்ற பெயர் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 2011இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சின் காரா என்று வந்து, நமக்கெல்லாம் ஏமாற்றமாகப் போனாரே, அவரேதான். அங்கே பார்த்ததை வைத்து எடை போட்டுவிடாதீர்கள். எதிராளியின் கழுத்தைக் கால்களால் கவ்விச் சுழன்று, அப்படியே தரையில் கைப்பூட்டாக முடிக்கும் அந்த "லா மிஸ்திகா"வைச் சொந்த மண்ணில் அவர் போடும்போது வர்ணனையாளரே பேச்சை நிறுத்திவிடுவார்.

டிவியில் கிடைக்காத ஒன்றும் உண்டு. கேமரா எப்போதும் வளையத்துக்குள் இருக்கும் இருவரையே துரத்துகிறது. வெளியே மூன்றாமவன் என்ன திட்டம் போடுகிறான், யாரைக் கண்ணால் கூப்பிடுகிறான் என்பது திரைக்கு வராது. லூச்சாவில் பாதி அங்கேதான் நடக்கிறது. நேரில் போக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

4. பாஸ்போர்ட், விசா

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் நாடு ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. அந்த நாடுகளில் நிரந்தர வசிப்புரிமை அட்டை இருந்தாலும் போதும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இதே சலுகை உண்டு.

பொறி எங்கே என்றால், "செல்லுபடியாகும்" என்ற சொல்லில். எச்1பி.யில் இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் கையில் ஐ-797 ஒப்புதல் தாள் இருப்பதால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். அந்தத் தாள் விசா அல்ல. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி தாண்டியிருந்தால் விமான நிறுவனத்தின் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். என்னோடு வருவதாக இருந்த நண்பன் அப்படித்தான் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பினான். அவன் டிக்கெட் பணம் போனது போனதுதான். டிக்கெட் போடும் முன் விசா பக்கத்தைத் திறந்து தேதியைப் படியுங்கள். அமெரிக்காவுக்குத் திரும்பி வர ஐ-797 தாளையும் கையோடு வைத்திருங்கள்.

இந்த விசாக்கள் எதுவும் இல்லாமல் இந்தியாவிலிருந்து நேராகக் கிளம்புபவர்கள் மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, அலுவலகக் கடிதம், விமான மற்றும் தங்குமிட முன்பதிவு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் தாமதம். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். இன்னொன்று: அமெரிக்கா வழியாகப் போகும் விமானம் மலிவாகத் தெரியும். விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். மற்ற நாடுகள் வழியாகப் போனால் அங்கே டிரான்சிட் விசா கேட்பார்களா என்று தனியாகப் பாருங்கள்.

மெக்சிகோ நகர விமான நிலையத்தில் அதிகாரி "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் "லூச்சா லிப்ரே" என்று சொல்லுங்கள். என்னிடம் கேட்டவர் சிரித்துவிட்டு, "ருடோவா, டெக்னிகோவா?" என்றார். அதற்காக ஓட்டல் முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் காட்டத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள், இரண்டையும் அச்செடுத்து வைத்திருங்கள். முத்திரையில் எத்தனை நாள் எழுதியிருக்கிறார் என்பதை அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 180 நாள், ஆனால் குறைத்தும் எழுதலாம்.

5. எந்த நாளில் போய் இறங்குவது

வியாழன் இரவு இறங்கி, வெள்ளி நிகழ்ச்சி பார்த்து, சனி அரீனா கொலிசேயோவையும் பார்த்துவிட்டு ஞாயிறு திரும்புவதுதான் சரியான கணக்கு. வெள்ளிக்கிழமையே இறங்கிவிடலாம் என்று மட்டும் வேண்டாம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலே முதல் ஆட்டங்கள் போய்விடும். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி. முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்கும். மேல் வரிசை டிக்கெட் எடுத்தவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

செப்டம்பரில் ஆண்டு விழா நிகழ்ச்சி வரும். முகமூடிக்கு முகமூடி, முடிக்கு முடி என்று பந்தயம் வைத்து ஆடும் பெரிய ஆட்டங்கள் பல அப்போதுதான் நடக்கும். தோற்றவர் அங்கேயே முகமூடியைக் கழற்றி, தன் உண்மைப் பெயர், ஊர், எத்தனை வருடம் இந்தத் தொழிலில் என்று சொல்ல வேண்டும். பெரிய ஆட்கள் வாயடைத்து அழுவதை அன்றைக்குப் பார்க்கலாம். ஆனால் முதல் பயணத்தை அந்த வாரத்தில் வைக்காதீர்கள். டிக்கெட் விலையும் ஏறும், கிடைக்கவும் கிடைக்காது. மே முதல் அக்டோபர் வரை சாயங்கால மழை உண்டு, மெல்லிய மழைக்கோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

6. டிக்கெட் வாங்குவது

நான் இரண்டாவது முறை சொதப்பியது இங்கேதான். வெள்ளி மாலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். டிக்கெட் கவுன்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. பக்கத்தில் வந்து ஒருவர் காதோடு காதாக, நல்ல இருக்கை இருக்கிறது என்றார். வாங்கினேன். உள்ளே போனால் கூரைக்கு ஒரு ஏணி தூரம். அந்த இருக்கையின் அசல் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்திருந்தேன். பெயர் "ரெவென்ததோர்", அதாவது நம்மூர் பிளாக் டிக்கெட். வாசலில் உங்களை நோக்கி வருபவர் யாராக இருந்தாலும் "நோ, கிராசியாஸ்" சொல்லிவிட்டு நடங்கள்.

இரண்டே வழிதான். ஒன்று, இணையத்தில் அதிகாரப்பூர்வ டிக்கெட் தளம். சி.எம்.எல்.எல்.லின் சொந்தத் தளத்தில் அதற்கான சுட்டி இருக்கும். சேவைக் கட்டணம் சேரும், வெளிநாட்டு வங்கி அட்டை முதல் முறை மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கியிடம் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு, கடைசி நாள் வரை காத்திருக்காமல் வாங்குங்கள். இன்னொரு வழி, அரங்கத்தின் "தாகியா", அதாவது டிக்கெட் கவுன்டர். சேவைக் கட்டணம் இல்லை. வெள்ளி பகலிலேயே, முடிந்தால் முதல் நாளே, போய் வாங்கிவிடுங்கள். ரொக்கம் கொண்டு போங்கள்.

எந்த வரிசை? வளையத்தை ஒட்டிய முதல் இரண்டு வரிசை கனவு போலத் தெரியும். தோப்பே போட்டு வெளியே பாயும் 90 கிலோ ஆள் உங்கள் மடியில்தான் விழுவார், பக்கத்தில் உள்ளவரின் பியரும் சேர்ந்து விழும். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே உட்கார வேண்டாம். எனக்குப் பிடித்தது நாலாவது வரிசைக்கும் பத்தாவது வரிசைக்கும் இடையில். நான் சொன்ன அந்த மூன்றாமவனின் சில்மிஷமெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். கையில் காசு குறைவென்றால் செவ்வாய் நிகழ்ச்சிக்குப் போங்கள், விலையும் கூட்டமும் குறைவு, ஆட்டக்காரர்கள் பலர் அதே ஆட்கள்தான்.

7. போகும் வழி

அரங்கம் தொக்தோரெஸ் பகுதியில் இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் குவாவ்தெமோக் அல்லது பல்தேராஸ் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கட்டணம் 5 பேசோ. ஒரு பேசோ என்பது கிட்டத்தட்ட ஐந்து ரூபாய். போகும்போது மெட்ரோ சரி, மாலைக் கூட்டத்தில் பர்ஸை முன்பாக்கெட்டில் வையுங்கள். திரும்பும்போது இரவு பதினொன்றுக்கு மேல் ஆகிவிடும். அந்தப் பகுதியில் அந்நேரத்தில் தெருத் தெருவாக நடந்து சுற்ற வேண்டாம். செயலி வழியாக டாக்சி கூப்பிடுங்கள், அதுவும் வாசலில் நின்று கூப்பிட்டால் கூட்டத்தில் கார் கண்ணில் படாது. ஒரு மூலை தள்ளி வெளிச்சமான இடத்தைக் குறியுங்கள். ரோமா பகுதியில் இருந்த என் ஓட்டலுக்கு 90 பேசோ ஆனது.

பணம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஏ.டி.எம். திரையில் "இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?" என்று கேட்கும். வேண்டாம் என்பதை அமுக்குங்கள். பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் வரும். ஏற்றுக்கொண்டால் கணிசமாக நஷ்டம். 20, 50 பேசோத் தாள்களாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். 500 பேசோத் தாளை நீட்டினால் அரங்கில் சில்லறை கிடைக்காது.

லென்ஸ் மாற்றும் கேமரா கொண்டு போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். செல்பேசி பரவாயில்லை. நான் கேமராவோடு போய், ஓட்டலுக்குத் திரும்பி வைத்துவிட்டு வருவதற்குள் இரண்டு ஆட்டம் முடிந்துவிட்டது. பையைத் திறந்து பார்ப்பார்கள், ஆண் பெண் தனித்தனி வரிசை. வெளியே வாங்கிய தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே குடித்து முடியுங்கள்.

8. உள்ளே போன பிறகு

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக இருக்கை தேடாதீர்கள். ஒருவர் வந்து டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, இருக்கையைத் துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார வைப்பார். 20 பேசோ கொடுங்கள். கொடுக்காவிட்டால் போக மாட்டார், முன்னாலேயே நிற்பார்.

சாப்பாட்டில் சைவர்கள் கொஞ்சம் கவனம். "சிச்சரோன்" என்றால் பன்றித் தோல் வறுவல். "சிச்சரோன் தெ அரீனா" என்றால் கோதுமை மாவு அப்பளம் மாதிரி, நம் வடகம் போல இருக்கும், அதைத் தைரியமாக வாங்கலாம். இங்கே அரீனா என்றால் மாவு, அரங்கம் இல்லை. பாக்கெட் சிப்ஸைக் கிழித்து அதில் எலுமிச்சையும் காரச் சாறும் ஊற்றிக் கொடுப்பார்கள். நான் இரவுச் சாப்பாட்டையே அதில் முடித்துவிடுகிறேன். வெளியே வண்டிக் கடையில் கிடைக்கும் வேகவைத்த சோளமும் நல்லது, மயோனைஸ் வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். டாக்கோக் கடைகளில் பீன்ஸ் என்று வாங்கினாலும் அதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

கத்துவதற்கு வெட்கப்படாதீர்கள். "அர்ரிபா லோஸ் ருடோஸ்!" (ருடோக்கள் வாழ்க!) என்று ஒரு பக்கம் எழும்பினால் "அர்ரிபா லோஸ் டெக்னிகோஸ்!" என்று மறுபக்கம் எழும்பும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி. மடியில் பின்னல் பை, கழுத்தில் மாதா பதக்கம். ஆட்டம் தொடங்கும் வரை எனக்கு வேர்க்கடலை கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவர் ஒரு முறை மெதுவாக எண்ணினார் பாருங்கள், பாட்டி எழுந்து நின்று, அந்த நடுவரின் தாயார், பார்வை, படிப்பு மூன்றையும் இழுத்து ஒரு நிமிடம் விடாமல் பொழிந்துவிட்டு, உட்கார்ந்து மறுபடி கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நடுவருக்கு முழுக்கப் புரிந்திருக்கும்.

ஆட்டம் மிகச் சிறப்பாக அமைந்தால் ஜனங்கள் எழுந்து வளையத்துக்குள் காசு எறிவார்கள். நாணயங்களும் மடித்த தாள்களும் நாலாபக்கமிருந்தும் வந்து விழும். சற்று முன் ஒருவனை ஒருவன் கிழித்துக்கொண்டிருந்த இருவரும் முட்டி போட்டுச் சேர்ந்து பொறுக்குவார்கள். அது பிச்சை இல்லை, பெரிய மரியாதை. எல்லோரும் எறியும்போது நீங்களும் எறியலாம், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். சில்லறையை மேல்பாக்கெட்டில் தயாராக வைத்திருங்கள். எனக்கு அந்தச் சந்தர்ப்பம் மூன்றில் ஒரு முறைதான் வாய்த்தது.

கடைசி ஆட்டத்துக்கு முன் எழுந்து போய்விடாதீர்கள். ஐந்தாறு ஆட்டங்கள் இருக்கும், புதியவர்களில் தொடங்கிப் பெரிய ஆட்கள் வரை ஏறிக்கொண்டே போகும். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

9. முகமூடி வாங்குவது

வெளியே நடைபாதை முழுக்க முகமூடிக் கடைதான். விலையில் இரண்டு ரகம். ரசிகர்களுக்கானது மெல்லிய துணி, நான் 150 பேசோவுக்கு வாங்கினேன். முதலில் 250 என்றார்கள், நகர்ந்ததும் குறைந்தது. ஆட்டக்காரர்கள் போடும் தரத்தில் அளவெடுத்துத் தைத்தது ஆயிரம் பேசோவுக்கு மேல் போகும். பின்பக்கம் கயிறு கட்டும் இடத்தில் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். தையல் இரட்டையாகவும் கண் ஓரத்தில் உள்துணியும் இருந்தால் நல்ல ரகம். வெறும் ஒட்டு என்றால் ஒரு சலவைக்குத் தாங்காது. நிகழ்ச்சி முடிந்த பிறகு வாங்கினால் விலை இன்னும் இறங்கும், ஆனால் உங்களுக்குப் பிடித்த ஆளின் முகமூடி விற்றுப் போயிருக்கும்.

முகமூடி போட்ட ஆட்டக்காரர் யாராவது வெளியே எதிர்ப்பட்டால் படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள், பெரும்பாலும் நிற்பார்கள். வேடிக்கைக்குக்கூட முகமூடியைத் தொடவோ தூக்கிக் காட்டச் சொல்லவோ வேண்டாம். அதே போல நீங்கள் வாங்கியதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கவும் வேண்டாம். என் மகனுக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்கப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் இருபது நிமிடம் ஆனது.